அப்பா மடியில் இருந்தது

– கண்ணாடி விரிஞ்சிருச்சு, மாத்துன்னுதானே சொன்னேன். அப்பா படத்தை எதுக்குடா சட்டத்துலேர்ந்து பிரிச்சே?

– பிரிக்காம எப்படிக்கா மாத்துறது? இங்க பாரு, பின்னாடி ஸ்டூடியோ முத்திரை. தேதி போட்டிருக்கு.

– அவ்வளவு பொடி எழுத்து எனக்குத் தெரியாதுப்பா.

– தெரியாத மாதிரி நடிக்காதே. அப்பா சண்டைக்குக் கிளம்புன வாரம் எடுத்ததுன்னுதானே அம்மா சொல்லுவாங்க. இந்தத் தேதிக்கு நான் பொறக்க இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு. அப்ப மடியில உக்காந்திருக்கிறது யாரு?

– நீதான். அந்த மூக்கு வேற யாருக்கு இருக்கு?

– மூக்கு என்னுதுதான். இந்த ஷூ யாருது? இத்தனை வருஷம் சட்டத்துக்கு அடியில மறைஞ்சிருந்திருக்கு. ஓரத்தைத் தடவிப் பாரு, என்னை மேல ஒட்டியிருக்காங்க. அக்கா, உன்னைத்தான் கேக்கறேன்.

– அந்த ஷூ எனக்குப் பெருசு. உள்ள துணி அடைச்சுப் போட்டுவிட்டாங்களாம்.

– நீ காய்ச்சல்ல கிடந்தே, ஸ்டூடியோவுக்கே வரலேன்னாங்களே அம்மா. படத்துல நீ இல்ல, உன்னைத் தவிட்டுக்கு வாங்குனாங்கன்னு எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கேன்.

– பண்ணே. கல்யாணத்துக்கு அப்புறமும் பண்ணே, என் வீட்டுக்காரர் முன்னாடியே.

– ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

– எங்க சொல்றது? சண்டை முடிஞ்சு, குண்டு போடுவாங்கன்னு வெளிச்சம் மறைக்க ஜன்னல்ல ஒட்டுன கறுப்புக் காகிதத்தையெல்லாம் கிழிச்சாச்சு. தினம் ஆம்பளைங்க ரயில்ல வந்து இறங்குறாங்க. உனக்கு மூணு வயசு கூட நிறையல. காக்கி உடுப்பு கண்ணுல பட்டா போதும், ஓடிப்போய் காலைக் கட்டிக்கிட்டு அப்பான்னு நிப்பே. அவங்க பாவம், கையை விலக்கி விட்டுட்டுப் போவாங்க. அம்மா தையல் மில்லுலேர்ந்து வந்ததும் பக்கத்து வீட்டுக்காரங்க அதைச் சொல்லுவாங்க. அன்னிக்கு அம்மா சாப்பிட மாட்டாங்க.

– அதுக்கு?

– நீ கைக்குழந்தையா இருக்கறப்ப ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்புனோம். உறை கூடப் பிரிக்காம திரும்பி வந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு நான்தான் அம்மாவை ஸ்டூடியோவுக்கு இழுத்துட்டுப் போனேன். தம்பியை என் மேல ஒட்டிக் குடுங்கன்னேன்.

– உனக்கே ஆறு வயசு இருந்தா ஜாஸ்தி.

– இருக்கட்டுமே. நான் அவர் மடியில உக்காந்தவ. உனக்கு அது கூட இல்லையே. படம் வந்த அப்புறம் நீ ஒருத்தர் காலையும் பிடிக்கல. அதைத் தூக்கிட்டுப் போய் தெரு பூரா காட்டுனே.

– ஆவியில காட்டுனா பசை இளகும். என்னை எடுத்துரட்டுமா?

– வேணாம். உன்னோட சேந்து என் மூஞ்சியும் உரிஞ்சு வந்துரும். ஸ்டூடியோக்காரர் அன்னிக்கே சொல்லித்தான் ஒட்டுனாரு.

– சரி, நீயாவது சொல்லு. உக்காந்தது நான்னு நெனச்சே இவ்வளவு நாள் ஓட்டிட்டேன். அப்பா மடி எப்படிக்கா இருந்துச்சு?

– தெரியலடா. எனக்கும் அந்தப் படத்தைப் பாத்துத்தான் ஞாபகம்.