கமீல் வெள்ளிக்கிழமை வர மாட்டா

இன்னும் சிரிக்காத மச்சான், நான் ஆரம்பிக்கவே இல்ல. சொல்லி முடிச்சேன்னா இந்த ஜெலாப்பாங் பஸ்ஸே குலுங்கும் பாரு. ஆனா பொறு லா... மொதல்ல என் வயித்தெரிச்சலக் கேளு.

பிரெஞ்சுல விமலா டீச்சர் எனக்கு எவ்ளோ போட்டாங்க தெரியுமா? முப்பத்தெட்டு! "தல்ஹா, வாயத் தொறந்து பேசுனாத்தானப்பா மொழி வரும்?" நான் பேசலையாம்! மூணு மாசமா, ஒவ்வொரு புதன்கெழமையும், தொண்ட காஞ்சு போற மாதிரி... செரி, விடு. அதுக்கு அப்புறம் வாரேன்.

ஒனக்கு மட்டும் தொண்ணூத்தாறு. பொறாம இல்ல மகேந்திரா, சத்தியமா. பிரான்சுல, லியோன்ல இருக்குற ஒன் ஜோடிப் புள்ள கமீலோட புதன்கெழமையானா ஆன்லைன்ல பேசுற. கேமரா கெட்டுப் போச்சுன்றா, நம்புற. மூணு மாசமாவாடா ஒரு கேமரா கெட்டுக் கெடக்கும்? அதவிட, அவ பேசுறப்போ பின்னாடி கேட்டத வெச்சு நீ எழுதுன ரிப்போட்டு இருக்கே! "பிரான்சு நாட்டிலும் மாலை நேரங்களில் 'தே தாரிக் டுவா!' என்று உரக்கக் கூவுகிறார்கள்." அதப் படிச்சுட்டு டீச்சர் கண்ணத் தொடச்சாங்க. "ஆகா! மாணவர்களே, இதுதான் பண்பாட்டுப் பாலம்!" அந்த ரெண்டு டீ கேட்டுக் கூவுன கொரலு... எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? எங்க அத்தா டீக்கடப் பக்கம்... இல்லையா? செரி.

சிரிப்பு வருது, வருது, இரு!

வெள்ளிக்கெழம கல்வி இலாகாவுலேர்ந்து ஆளு வராங்க. மண்டபத்துல பெரிய திர. நீயும் கமீலும் நேரடியா பேசணும். நல்லாப் பேசுனா ரெண்டு வாரம் லியோன். ஒங்கம்மா கையுறை பேக்டரியில ரெண்டு ஷிப்ட் பாத்துக் கம்பளிச் சட்ட வேற வாங்கியாச்சு. எல்லாம் நல்லதுதான். ஆனா நேத்து டீச்சர் என்னக் கூப்ட்டு, "தல்ஹா, அன்னைக்கு நீ மேடையில நின்னு மைக்கப் பாத்துக்க"ன்றாங்க! ஒரே ஆளு எத்தன எடத்துலடா இருப்பான்?

ஒனக்கு என்னடான்னு கேக்குறியா? அதத்தான சொல்ல வாரேன்!

ஒரு கதன்னு வெச்சுக்கயேன். ஒரு வெள்ளக்காரப் புள்ள மொத வாரமே நின்னுட்டா, பரீட்ச இருக்காம். அந்தச் சேதி, வகுப்புக்கு லிங்க் அனுப்புறானே ஒருத்தன், அவனுக்குத்தான் வந்துச்சு. ஜோடி இல்லாதவனுக்கு மார்க்கு இல்லன்னு டீச்சர் சொல்லிருக்காங்க. கூட்டாளி பாவமில்ல? அந்த லிங்க் அனுப்புற பய எல்லார் மாதிரியும் பேசுவான். ஹெட்மாஸ்டர் இருமுறதக்கூட இருமுவான். கொஞ்சம் மூக்கால பேசிப் பாப்போமேன்னு... ஒரே ஒரு வாரம்னுதான்...

இல்லடா, சும்மா ஒரு கத! நீ ஏன் பைய மடியில எடுத்து வெக்கிற? வேற பேசுவோம். ஒங்கம்மா முறுக்கு! கமீலுக்குப் போஸ்ட் பண்ணச் சொல்லி என்கிட்டக் குடுத்தியே, டேப்பு சுத்தி. அடடா, என்ன கைப்பக்குவம் மச்சான்! ஓமம்தான் கொஞ்சம் தூக்கல்...

என்ன?

ஆமா, டேப்பு சுத்தித்தான் இருந்துச்சு...

மகேன், அப்படிப் பாக்காத. பெல்ல அமுக்காத, ஒன் ஸ்டாப்பு இன்னும் மூணு தள்ளி இருக்கு. டீச்சர்கிட்ட நானே சொல்றேன். ஒங்கம்மாகிட்டயும் நானே... போன்ஷூர், மகேன்?... மகேன்!

சிரிப்பு வரும்னு சொன்னேன்ல... சிரி லா.