அண்ணி ஏழு

...சூடுன்னா சாதாரணச் சூடா சார் அது? லேப்டாப்ப மடியில வெச்சா தொடை செவந்து போகுது, மேசையில வெச்சா மேசை கொதிக்குது. ஃபேன் சத்தம் வேற! போன்ல பேசறவங்க, "என்னம்மா, மாவு மில்லுல நிக்கறியா?"ன்னு கேக்கறாங்க. இந்த ரிப்பேர் கடைக்கு நீங்க எதுக்கு வந்திருக்கீங்க? பிரிண்டரா? குடுத்து வெச்சவரு சார் நீங்க. பிரிண்டர் யாரு குடும்பத்தையும் பிரிக்காது.

சமையலறை வரையறதுதான் என் தொழில். சுவத்துல இல்ல சார், லேப்டாப்புல. அலமாரி எங்க, அடுப்பு எங்க, சிங்க் எங்கன்னு போட்டு, உள்ள நடந்து போற மாதிரி சுத்திக் காட்டணும். சுத்த ஆரம்பிச்சா போதும், லேப்டாப் மூச்சிரைக்கும். பேட்டரி ரெண்டு மணி நேரம் தாங்காது.

எங்க வீட்டுக்காரரோட தம்பி ஒருத்தன் எங்ககூடத்தான் இருக்கான்... இருந்தான். ஆளு ஒல்லி, அதனால குண்டூசின்னு பேரு. வேலை தேடிக்கிட்டு இருக்கான். அவன்தான் ஒரு நாள் சொன்னான், "அண்ணி, உங்க ப்ராசஸருக்குத் தேவைக்கு மேல வோல்டேஜ் போகுது. கம்பெனிக்காரங்க எல்லா மெஷினுக்கும் சேத்து கொஞ்சம் தாராளமாத்தான் வெப்பாங்க. நான் கொஞ்சம் இறக்கி விடறேன். வேகம் அப்படியே இருக்கும், சூடு கொறையும்"னு. நம்பறீங்களா? நானும் நம்பல. உக்காந்தான். பத்து மில்லிவோல்ட் இறக்குவான், ஒரு மணி நேரம் மெஷினப் போட்டு வாட்டுவான், தாங்குதான்னு பாப்பான், மறுபடி பத்து. ஒரு ஞாயித்துக்கெழம பூரா இதே வேலை. எண்பதுல நிறுத்திட்டான். அந்த அமைப்புக்கு "அண்ணி"ன்னு பேரு போட்டு சேமிச்சு வெச்சான். சொல்லும்போதே பாருங்க, எனக்கு... இல்ல, ஒண்ணுமில்ல.

சார், ஃபேன் அடங்கிப் போச்சு! பேட்டரி அரை மணி கூட நின்னுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்கள எல்லாம் கூப்ட்டு, தொட்டுப் பாக்கச் சொன்னேன். எல்லாருக்கும் தொட்டுக் காட்டினேன்னா பாத்துக்கோங்க.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, போன வாரம் ஒரு வயசான தம்பதி வந்தாங்க. ரிடையரான கப்பல்காரரும் அவரு சம்சாரமும். பதினோராவது தடவையா வர்றாங்க சார்! சிங்க் ஜன்னலுக்குக் கீழயா, எதிர்ச் சுவத்துலயா... இந்த ஒரு விஷயத்துல நாலு மாசமா பேச்சுவார்த்தை இல்ல ரெண்டு பேருக்கும். நான்தான் ரெண்டு சிங்க் போடலாம்னு சமாதானம் பண்ணி, மூணு நாள் உக்காந்து வரைஞ்சு வெச்சிருந்தேன். அம்மா சிரிச்சிட்டாங்க. அய்யா கண்ணாடியத் தொடைச்சிட்டு, "சரி, இன்னொரு சுத்து சுத்தும்மா"ன்னாரு. சுத்தினேன்.

பட்டுனு நீலமாப் போச்சு சார் திரை. சமையலறையும் இல்ல, சிங்கும் இல்ல. மறுபடி போட்டா, மூணு நாள் வேலையும் அம்பேல். சேமிக்கலியான்னு கேக்காதீங்க. எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க.

அந்தம்மா எழுந்து நின்னு, "நான் அப்பவே சொன்னேன், ஜன்னலுக்குக் கீழதான்"னு ஆரம்பிச்சாங்க. அய்யா, "என்னத்தச் சொன்ன நீ?"ன்னு எகிறினாரு. "என்னம்மா ஆச்சு உன் மெஷினுக்கு?"ன்னு ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பறாங்க. குண்டூசி அப்பத்தான் தண்ணி எடுத்துட்டு உள்ள வர்றான். என் வாய் இருக்கே சார்... "இதோ, இவன்தான். எதையோ நோண்டி, மெஷினயே கெடுத்துட்டான்"னுச்சு.

தண்ணிய வெச்சான். லேப்டாப்ப எடுத்து ரெண்டு தட்டு தட்டினான், எதையோ பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். மூடி வெச்சுட்டு, "சாரி அண்ணி"ன்னு போயிட்டான். சாயங்காலம் பையத் தூக்கிக்கிட்டு சிநேகிதன் ரூமுக்குக் கெளம்பிட்டான். இன்னியோட நாலு நாள். எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட "உப்பு எடு"ங்கற அளவுக்குத்தான் பேசறாரு.

எதைப் பாத்தான்னு கேக்கறீங்களா? கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். இப்ப அந்த மெக்கானிக் பொண்ணு கண்ணாடிய மூக்குல எறக்கிக்கிட்டு, கடையே கேக்கற மாதிரி படிச்சாளே, காதுல விழலியா? "அண்ணி... அண்ணி ரெண்டு... அண்ணி மூணு..." அண்ணி ஏழு வரைக்கும் இருக்கு சார் உள்ள. "யாரு மேடம் நூத்தி நாப்பது வரைக்கும் இறக்கினது? மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, கரண்ட் பத்தாம பட்டினி போட்டிருக்கீங்க"ங்கறா.

யாரோன்னு சொல்லிட்டேன்.

அட, எண்பது இறக்கினா இவ்ளோ சுகம், இன்னும் பத்து இறக்கினா என்னன்னு தோணாதா மனுஷிக்கு? அவன் படிச்சுப் படிச்சு சொன்னான், எண்பதத் தாண்டாதீங்க, தாண்டினா ஒரு மணி நேரம் சோதிச்சுப் பாத்துட்டு... யாருக்கு சார் நேரம் இருக்கு? தெனமும் பல்லு வெளக்கற மாதிரி ஒரு பத்து இறக்கி, புதுசா ஒரு அண்ணியாச் சேமிச்சேன். ஆறு நாள். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு சார். பாத்துட்டான். அத்தன பேரு முன்னால "அண்ணிதான் பண்ணாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சொல்லலியே பாவி!

சார், ஒரு சின்ன உதவி. உங்க குரல் நல்ல கம்பீரமா இருக்கும் போலருக்கு. நம்பர் தர்றேன், அவன்கிட்ட நீங்க கடைக்காரர் மாதிரி பேசி, "உள்ள தூசி தம்பி, யாரு மேலயும் தப்பில்ல"ன்னு... சார்? எங்க எழுந்துட்டீங்க? சார், பிரிண்டர்! பிரிண்டர விட்டுட்டுப் போறீங்க!

...போயே போயிட்டாரு.

சரி.

ரிங் போகுது... ஹலோ? குண்டூசி, அண்ணிடா. வெச்சிடாத. சாப்ட்டியா? ...இல்ல, சும்மாத்தான். கடையில இருக்கேன். மெஷின் சரியாயிடுச்சாம். உள்ள ஏதோ... லேசா... தூசின்னு... என்ன சிரிப்புச் சத்தம்? யாரு பக்கத்துல? ...உங்க அண்ணனா? அவரு வேலைக்குன்னுல்ல போனாரு! அங்க என்ன பண்றாரு? ...தெனமும் வர்றாரா? ரெண்டு பேரும் கேக்கறீங்களா? எப்பேர்ந்து ஸ்பீக்கர்ல இருக்கு? ...ஹலோவுலேர்ந்தா?

...இல்லடா, அமுக்காத. ஸ்பீக்கர்லயே இருக்கட்டும். அவருக்கும் நல்லாக் கேக்கட்டும். தூசி இல்லடா. நான்தான்.