மாவுக் களத்தில் ட்ரோன் இறங்கிய ஐந்து விநாடி

பெயர் சபரிநாதன், வயது 26, தகப்பனார் பெயர் குமாரசாமி. ஆட்டையாம்பட்டி, தறிக்கார வீதி, கதவு எண் 3/118ல் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். அப்பா நான்கு விசைத்தறி வைத்து ஓட்டுகிறார். நான் வானூர்திப் பொறியியல் படித்துவிட்டு, மூன்று வருடமாக வான்தடம் என்ற ட்ரோன் ஆராய்ச்சி நிறுவனத்தில் மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். இன்று 19.02.2025 காலை பத்தேகால் மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே இந்த நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் வித்யா அவர்கள் முன்பு இதைச் சொல்கிறேன். இம்மாதம் 11ஆம் தேதி எங்கள் ட்ரோன் இறங்கி அங்கம்மாள் என்ற பெண் காயமடைந்ததற்கு, அதை ஓட்டிய ஆண்ட்ரூஸ் மீது வழக்குப் பதிவாகியிருக்கிறது. அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

எங்கள் ட்ரோனுக்கு ஆறு விசிறிகள், எடை பதினான்கு கிலோ. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இடையே மருந்துப் பெட்டியைத் தானாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவே அதை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. வழியில் ஏதாவது கோளாறு வந்தால் எங்கே இறக்குவது என்று யோசனை சொல்ல ஒரு மென்பொருள் இருக்கிறது. நிறுவனத்தில் அதைத் 'துணை' என்போம். துணை கேமராவில் தரையைப் பார்த்து, இந்த இடம் இத்தனை சதவீதம் பத்திரம் என்று திரையில் காட்டும். கீழே வேனில் உட்கார்ந்திருக்கும் பைலட் வேண்டாம் என்று நினைத்தால் ஐந்து விநாடிக்குள் கையிலுள்ள குச்சியைத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு துணை இறக்கிவிடும். இந்த ஐந்து விநாடியை வைத்தது நான். துணையில் இறங்குமிடம் சம்பந்தப்பட்ட பகுதி முழுவதும் நான் எழுதியது.

எங்கள் பக்கத்தில் மேலேயிருந்து பார்த்தால் இறங்க வாகான இடம் ஜவ்வரிசி ஆலைகளின் மாவுக் களம்தான். ஏக்கர் கணக்கில் சிமெண்ட் தரை, மேடு பள்ளம் கிடையாது, மரம் கிடையாது, மரவள்ளி மாவைப் பரப்பி வெள்ளையாகக் காய வைத்திருப்பார்கள். ஆனால் போன செப்டம்பர் முதல் துணை களத்தில் இறங்க மாட்டேன் என்று பத்தொன்பது தடவை மறுத்தது. என்னவென்று பார்த்தால் காக்கை. ஈர மாவுக்குக் காக்கை வரும், ஆட்கள் கை வீசித் துரத்துவார்கள், திரும்ப வரும். வெள்ளைத் தரையில் கறுப்பாக ஏதோ அசைகிறது என்று துணை பயந்துகொண்டது. அதனால் டிசம்பரில் நான் ஒரு விதி எழுதிச் சேர்த்தேன். மாவுக் களத்தில் ஒரு முழத்துக்குக் குறைவான, கறுப்பான, அசைகிற பொருள் எதுவானாலும் காக்கை என்று வைத்துக்கொண்டு கணக்கில் சேர்க்காதே என்பது அந்த விதி. அதன் பிறகு அது மறுக்கவேயில்லை. அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் ஆட்டையாம்பட்டி முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஆண்ட்ரூஸ் அண்ணனுக்கு வயது 41, அஸ்தம்பட்டியில் வீடு. எங்களிடம் வருமுன் பத்து வருடம் கல்யாண வீடுகளில் ட்ரோன் கேமரா ஓட்டியவர். முறையாகச் சான்று வாங்கியவர். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் மட்டும் துணை சொன்னதை நான்கு தடவை மீறிக் குச்சியைத் தள்ளினார். ஐம்பது பயணம் பைலட் குறுக்கிடாமல் தொடர்ந்து முடிந்தால்தான் அடுத்த கட்டச் சோதனைக்கு அனுமதி கேட்க முடியும். அவர் ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். "இது மாப்பிள்ளை ஊர்வலம் இல்லண்ணா" என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். "மாப்பிள்ளை தலையில ஒருநாளும் எறக்குனதில்ல தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நடந்தது, குறுக்கீடு இல்லாத வரிசையில் நாற்பத்தெட்டாவது பயணம். ஆட்டையாம்பட்டிக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே ரோட்டோரம் வேனை நிறுத்திக்கொண்டு நானும் ஆண்ட்ரூஸ் அண்ணனும் மட்டும் உள்ளே இருந்தோம். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். 11.20க்கு ட்ரோன் கிளம்பியது. 11.38க்கு மூன்றாவது மோட்டார் அதிகம் சூடானது. துணை உடனே இறங்க இடம் தேடி, சண்முகவேல் என்பவருடைய ஜவ்வரிசி ஆலையின் களத்தைக் காட்டி 96 சதவீதம் பத்திரம் என்றது. பக்கத்தில் மரவள்ளி பிடுங்கிப் போட்ட காடு ஒன்று இருந்தது, அதற்கு 71 கொடுத்தது. செடி நட்ட பார் மேட்டில் கால் மாட்டி ட்ரோன் கவிழும் என்பதால் அந்த 71.

அதன் பிறகு நடந்தது ஐந்து விநாடி. ஆண்ட்ரூஸ் அண்ணன் திரையில் குனிந்து, "தம்பி, அது காக்கா இல்லப்பா" என்றார். நான் "காக்காதான்" என்றேன். "காக்கா ஒரே எடத்துல நின்னு ரெக்கை அடிக்குமா? நான் காட்டுல எறக்கறேன், கால் ஒடஞ்சா ஒடயட்டும்" என்று சொல்லிக்கொண்டே குச்சியைத் தள்ளப் போனார். நான் "கைய எடுங்கண்ணா, அது பாத்துக்கும்" என்று சொல்லி அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டில் மர மணி கோத்த சின்ன ஜெபமாலை கட்டியிருந்தார். அது அறுந்தது. அவர் உதறினார், நான் விடவில்லை. அதற்குள் திரையில் எண்ணிக்கை முடிந்து ட்ரோன் இறங்க ஆரம்பித்துவிட்டது. இறங்க ஆரம்பித்த பிறகு, மோட்டார் சூடாக இருக்கும் நிலையில், பைலட்டால் நிறுத்த முடியாது. அதுவும் நான் எழுதியதுதான்.

அதன் பிறகு வேனை நானே ஓட்டிக்கொண்டு களத்துக்குப் போனோம். ஆண்ட்ரூஸ் அண்ணன் வழியெல்லாம் "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். களத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லோரும் சேலைக்குமேல் முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார்கள். கலர்த் துணியின் நூல் மாவில் விழுந்தால் அந்தச் சரக்கு தேறாது என்று ஆலையில் வெள்ளைத் துணிதான் கட்டச் சொல்வார்களாம். அங்கம்மாள், வயது 52, மாவில் தூசி பொறுக்கக் குந்தியிருந்த இடத்திலேயே சாய்ந்து கிடந்தார். வலது முன்கை விசிறியில் கிழிந்து, தோள் எலும்பு முறிந்திருந்தது. சிவப்பு மாவை ஒரு அம்மா தனியாக வழித்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஆண்ட்ரூஸ் அண்ணன் தன் சட்டையைக் கழற்றிக் கையைக் கட்டி, அவரைத் தூக்கி வேனில் வைத்து மடியில் தலையைத் தாங்கிக்கொண்டார். நான் சேலம் அரசு மருத்துவமனை வரை ஓட்டினேன்.

அன்று மாலை, பறந்தபோது ட்ரோனின் பதிவுப் பெட்டியில் தானாகப் பதிவான விவரங்களை எங்கள் தலைமை ஆராய்ச்சியாளர் பிரபாகர் சார் எடுத்துப் பார்த்தார். அதில் "ஐந்து விநாடி, பைலட் செயல் இல்லை" என்று இருந்தது. குச்சி தள்ளப்படவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், ஏன் தள்ளப்படவில்லை என்பது தெரியாது. வேனுக்குள் கேமரா கிடையாது. அந்தத் தாளை வைத்துத்தான் ஆண்ட்ரூஸ் அண்ணன் கவனக்குறைவாக இருந்தார் என்று வழக்கு வந்தது. அவருடைய சான்றும் நிறுத்தி வைக்கப்பட்டது.

14ஆம் தேதி மருத்துவமனைக்குப் போனேன். அங்கம்மாளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. "என்ன நடந்ததுங்க?" என்று கேட்டேன். "அதுக்குக் கண்ணு இருக்குதுன்னு ஆலையில சொன்னாங்க சாமி. நேரா என்ற தலைக்கு மேல வருது. மாவுல ஓடுனா வழுக்கிரும். அதான் குந்துன வாக்குலயே நல்லாக் கைய ஆட்டுனேன். காக்காயே கைய ஆட்டுனா ஒதுங்கிப் போகுதுங்க" என்றார். அந்த விதியை எழுதியது நான்தான் என்று சொன்னேன். "எழுதுனியா? எங்க எழுதுன சாமி?" என்று கேட்டார். ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன், இடது கையால் உரிக்க வரவில்லை என்றார், உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்கிறார். அவருடைய வேலை மாவு தள்ளும் பலகை பிடிப்பது.

அதன் பிறகு அன்றைய கேமராப் படத்தை ஒவ்வொரு கட்டமாக நிறுத்திப் பார்த்தேன். வெள்ளைத் துண்டும் சட்டையும் மாவோடு மாவாகத் தெரிகின்றன. துணை அதை மாவுக் குவியல் என்று எடுத்திருக்கிறது. வெளியே தெரிகிற கறுப்பு ஒன்றே ஒன்று, ஆட்டிய கை. அதைக் காக்கை என்று கழித்துவிட்டது. வெப்பக் கேமராவும் உதவவில்லை, அந்த நேரத்தில் சிமெண்ட் தரை மனுஷ உடம்பைவிடச் சூடு. துணைக்குப் பழக்கம் கொடுக்க முன்பு நான் தரம் பிரித்த 1,140 களப் படங்களையும் மறுபடி திறந்தேன். 'காலி' என்று நான் குறித்த படங்களில் அறுபத்து மூன்றில் குவியலுக்குப் பக்கத்தில் பலகையின் நிழல் இருக்கிறது. பலகை தானாக நிற்காது. ஒரு படத்துக்கு இரண்டு விநாடி என்று வேகமாகப் பிரித்ததால் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து இந்தக் களங்களைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் போனேன்.

17ஆம் தேதி இதையெல்லாம் பிரபாகர் சாரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. "சபரி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பதிவுல இருக்கறது நீயும் எழுதல, நானும் எழுதல" என்றார். "கையப் பிடிச்சது பதிவுல இல்ல சார்" என்றேன். "அப்ப அது நடந்ததுன்னு யாரு சொல்லப் போறா? ஆண்ட்ரூஸே சொல்லல" என்றார். அது உண்மை. ஆண்ட்ரூஸ் அண்ணன் இங்கே விசாரணையில் என் பெயரைச் சொல்லவில்லை.

அன்று மாலையே அஸ்தம்பட்டிக்குப் போய் அவரைப் பார்த்தேன். அவர் மனைவி ஆன்சி கதவைத் திறந்து, "வாங்க" என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டார். "ஏண்ணா சொல்லல?" என்று கேட்டேன். "பெட்டி எழுதுன தாள் அவங்க கையில இருக்கு. நான் ஒன் பேரச் சொன்னா, தப்பிக்கப் பழி போடுறான்னுதான் நெனப்பாங்க. அத நீ வந்து சொன்னாத்தான் தம்பி பேச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிளம்பும்போது, "சனிக்கிழம ஒரு கல்யாண ஆர்டர் வந்துச்சு, சான்று இல்லாம ஓட்ட முடியாதுன்னு விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நேற்று காலை வேனைத் திறந்து, அவர் உட்காரும் சீட்டை நகர்த்திப் பார்த்ததில், அறுந்த ஜெபமாலையின் மர மணிகள் ஏழு கிடைத்தன. பத்து இருந்திருக்க வேண்டும், மூன்று கிடைக்கவில்லை. வேனில் தேடினால் அந்த மூன்றும் கிடைக்கலாம். ஏழு மணிகளையும், அறுபத்து மூன்று படங்களின் பிரதியையும், டிசம்பரில் நான் எழுதிய விதி தேதியோடு உள்ள தாளையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். என்னை வேலையிலிருந்து எடுப்பார்கள். என்மேல் வழக்கு வரும் என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார்கள், தெரிந்துதான் வந்தேன். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை.

தட்டச்சு செய்த தலைமைக் காவலர் இதைப் படித்துக் காட்டினார். ஒரு இடத்தில் "இயந்திரக் கோளாறு காரணமாகக் களத்தில் இறங்கியது" என்று இருந்தது. மோட்டாரில்தான் கோளாறு, களத்தைத் தேர்ந்ததில் கோளாறு எதுவும் இல்லை, நான் எழுதியபடியே சரியாக வேலை செய்தது என்று சொல்லி அதை அடிக்கச் செய்தேன். இன்னொரு இடத்தில், பதிவுத் தாளில் உள்ளபடியே "ஐந்து விநாடி பைலட் எந்தச் செயலும் செய்யவில்லை" என்று இருந்தது. அதையும் அடித்து, "ஐந்து விநாடி முடியும்வரை பைலட்டின் கையைச் சபரிநாதன் பிடித்திருந்தார்" என்று எழுதச் சொன்னேன். இரண்டு திருத்தங்களுக்கும் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றபடி இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நான் அறிந்து நடந்தது, உண்மை.

(ஒப்பம்) கு. சபரிநாதன்
19.02.2025, பகல் 12.50 மணி

என் முன்பாக,
வித்யா, உதவி ஆய்வாளர்