அக்காவின் தூக்க மதிப்பெண்

பாட்டுக் கேட்கும் செயலிக்கு மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. நடுவில் விளம்பரம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஒரு சட்டை மடிக்க அந்த அரை நிமிடம் போதும். அதோடு, பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அந்தச் செயலி, நாம் ஒருமுறை கேட்ட பாட்டைப் போலவே இன்னும் நாற்பது பாட்டுகளைக் கொண்டுவந்து, உனக்கு இதுதான் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்தில் நமக்கும் அதுதான் பிடித்துப்போகும்.

தொடக்கத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள். எது தொடக்கம் என்பதில் எனக்குக் குழப்பம். மூன்று இடங்களில் தொடங்கி அடித்துவிட்டேன். கடையிலிருந்து தொடங்குவதே சரி என்று படுகிறது.

நான் வேலை பார்ப்பது மின்சாதனக் கடையில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில். என்ன குறை என்று கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். இரண்டு வருடத்தில் நான் பார்த்தவரை, பத்துப் பொருளில் எட்டுக்குக் குறையே இருக்காது. ஒருவர் ஹெட்போனைக் கொண்டுவந்து, இதைப் போட்டால் வீட்டில் மனைவி கூப்பிடுவதே கேட்கவில்லை என்றார். "சார், அதுக்குத்தானே அது?" என்றார் எங்கள் மேனேஜர். குறை பொருளில் இல்லை, பொருளுக்கும் ஆளுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று அன்று என் டைரியில் எழுதினேன்.

டைரி எழுதும் பழக்கம் மாலை வகுப்பால் வந்தது. கடை முடிந்து வாரத்தில் மூன்று நாள் புள்ளியியல் சான்றிதழ் வகுப்புக்குப் போகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதை அப்படியே வைத்திருக்க வேண்டும், தேதி போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வகுப்பில் எனக்கு முழுதாகப் புரிந்தது இவ்வளவுதான். மற்றவர்கள் என்னைவிட வேகமாகப் போகிறார்கள். அக்கா என்னை "ஏய் டைரி" என்றுதான் கூப்பிடுவாள்.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா இறந்தபின் பதினோரு வருடமாக நாங்கள் இருவர்தான். இரண்டாவது மாடியில் ஒரு அறை, இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத ஒரு சமையலறை. இரண்டு கட்டிலுக்கும் நடுவே கை நீட்டினால் தொடும் தூரம். அக்கா தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிடுவாள். எனக்கு அப்படி வராது.

போன மாதம் இரண்டாம் தேதி அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறொரு ஊரில், தொலைதூரப் பேருந்து நிறுவனத்தில் வேலை. ஆறு வாரத்தில் சேர வேண்டும். அவள் கடிதத்தை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்து, டீ கொதிப்பதுவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு மணி நேரம் ஒரே ரோடு. நூறு அடிக்கு ஒரு ஸ்டாப் கிடையாது. பின்னாடி நின்னு தட்டித் தட்டி எறக்கிவிடச் சொல்ற ஆளு கிடையாது. சொர்க்கம்டி."

"நான்?"

"நீ என்ன, இடுப்புல வெச்சிருக்கிற குழந்தையா? படிப்ப முடி. மாசத்துக்கு ரெண்டு தடவ வருவேன். வந்து உன் டைரியத் திருட்டுத்தனமா படிச்சிட்டுப் போவேன்."

நான் சிரித்தேன். அது டைரியிலும் இருக்கிறது: "சிரித்தேன்."

அவளுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று தோன்றியது. கடையில் திரும்பி வந்த கைக்கடிகாரங்கள் இரண்டு இருந்தன. ஒரே மாதிரி, கறுப்புப் பட்டை. தூங்கும்போது கையிலேயே கட்டிக்கொண்டால் நாடித் துடிப்பையும் அசைவையும் வைத்து, காலையில் போனில் நூற்றுக்கு இத்தனை என்று தூக்கத்துக்கு மதிப்பெண் போடும் வகை. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அன்று மாலையே மேசையில் இரண்டு கடிகாரத்தையும் இரண்டு போனையும் பரப்பி இணைத்தேன். அப்போதுதான் மாறிப்போனது. அக்கா கையில் கட்டிய கடிகாரம் என் போனோடும், என் கையில் இருந்தது அவள் போனோடும் சேர்ந்துவிட்டன. அது கைதவறி நடந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். இதற்கப்புறம் எதுவும் கைதவறி நடக்கவில்லை.

முதல் நாள் காலை அக்கா போனைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நாப்பத்தேழாம். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேனே?"

"நாம நெனைக்கிறது வேற, உடம்பு சொல்றது வேறக்கா."

"அப்படியா சொல்ற?" என்றாள். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டாள். பிறகு இன்னொன்று. என் போன் 92 காட்டியது. அவள் போய்விடுவாளே என்று மூன்று மணிவரை விழித்துக் கிடந்தவள் நான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் உடம்பு லேசானது. கடையில் அன்று யாரிடமும் எரிந்து விழவில்லை. மேனேஜர்கூட, "என்னம்மா, முகம் பளிச்சுன்னு இருக்கு?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள்தான் மாறியிருப்பது தெரிந்தது. முந்தின இரவு என் கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் சார்ஜில் போட்டிருந்தேன். காலையில் என் போனில் 90 இருந்தது. அக்காவின் போனில் "தரவு இல்லை" என்று வந்தது. உடனே புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அக்கா அடுப்பருகே கண்ணைக் கசக்கியபடி நின்றிருந்தாள்.

"இப்படியே தூக்கம் போச்சுன்னா அந்த லாங் ரூட்டுக்கு நான் லாயக்கில்லடி. எட்டு மணி நேரம் ஓட்டுறது வெளையாட்டா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். டைரியில், "ஒரு வாரம் பார்ப்போம்" என்று எழுதினேன். எதையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். இருந்ததை அப்படியே விட்டுவைத்தேன்.

அந்த வாரம் முழுக்க அவள் தூக்கம் 88க்குக் கீழே இறங்கவில்லை. என் போனில் தினமும் பார்த்தேன். அவளோ வண்டி டிப்போவுக்கு வந்ததும் இருக்கையிலேயே சாய்ந்துவிடுவதாகச் சொன்னாள். டீயை விட்டாள். படுக்கும் முன் போன் பார்ப்பதை விட்டாள். காலையில் கண் விழித்ததும் தனக்கு எப்படி இருக்கிறது என்று யோசிப்பதில்லை. போனை எடுத்துப் பார்த்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு சிக்கல். அவள் போவது பற்றி என் மனம் சமாதானமாகத் தொடங்கியிருந்ததோ என்னவோ, நான் கொஞ்சம் தூங்க ஆரம்பித்தேன். அவள் போனில் 66 வந்தது, பிறகு 71. அக்கா அன்று பாடிக்கொண்டே தலை சீவினாள். சாயங்காலம் அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

அன்றிலிருந்து படுக்கும் முன் இரண்டு டம்ளர் கடும் டீ குடித்தேன். கடிகாரக் கையை அவ்வப்போது அசைத்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே மாற்ற வேண்டும். அதைத்தான் மாற்றினேன். 43, 39, 41. பெட்டி அலமாரிக்குத் திரும்பவில்லை, ஆனால் அதில் எதுவும் அடுக்கப்படவும் இல்லை.

இதெல்லாம் சரியா என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். அந்தப் பக்கங்களை நீங்கள் பார்க்கலாம், மறைக்க ஒன்றுமில்லை. அவளுக்கு எந்தத் தீங்கும் இல்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் விடை வந்தது. ஏனென்றால் அவள் உண்மையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஆதாரம் இருந்தது.

நான்காவது வாரம் அவளே மருத்துவரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் அக்காவின் கண்ணைப் பார்க்கவில்லை. போனை வாங்கி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"மூணு வாரமா டாக்டர். ஆனா படுத்தா எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல."

"சில பேருக்கு முழிச்சிருக்கறதே தெரியாதும்மா. அரை மாத்திரை போடுங்க. மதிப்பெண் ஏறலேன்னா ஒண்ணு. போட்டா எட்டு மணி நேரம் படுத்திருக்கணும், தூக்கக் கலக்கம் இருந்தா வண்டியத் தொடக்கூடாது."

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். நாற்காலியின் நுனிக்கு வந்ததும் நினைவிருக்கிறது. ஆனால் அப்போது சொன்னால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அக்கா என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். அப்புறம் அவள் போகும்போது மாதம் இரண்டு தடவை என்பதும் இருக்காது.

அரை மாத்திரை நான்கு நாள். மதிப்பெண் ஏறவில்லை, ஏற வழியும் இல்லை. ஐந்தாம் நாளிலிருந்து ஒன்று. அப்படியும் 40. காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவதைப் பார்த்தேன். இரண்டு நாள் அவளே விடுப்புப் போட்டாள்.

விபத்துக்கு முந்தின நாள் மாலை அவள் மேசையில் உட்கார்ந்து, அந்த நிறுவனத்துக்கு வேலை வேண்டாம் என்று கடிதம் எழுதினாள். எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்று என்னிடம் தந்தாள். பிழை இல்லை.

"விடுடி. வேற எவளாவது போய் ஓட்டட்டும்," என்றாள். "உனக்கும் சமைக்கத் தெரியாது, பட்டினி கெடப்ப."

அன்று நான் டீ குடிக்கவில்லை. தேவைப்படவில்லை. படுத்தேன், காலையில்தான் கண் விழித்தேன். அப்படி ஒரு தூக்கம் எனக்கு அம்மா இருந்த காலத்துக்குப் பிறகு வந்ததில்லை.

காலை ஐந்தரை மணி. அக்கா சீருடை போட்டு, சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை மாற்றிப் போட்டிருந்தாள். கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நாக்கு தடித்த மாதிரி பேசினாள்.

"தலையத் தூக்க முடியலடி. இன்னைக்கும் லீவு சொல்லிடட்டுமா? அத எடுத்துப் பாரு, எத்தன காட்டுது?"

அவள் போனை எடுத்துப் பார்த்தேன். 94.

என் போனும் பக்கத்தில் இருந்தது. அதில் அவளுடையது: 38. கீழே, "உடல் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. இன்று வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும்" என்று இருந்தது. இதையும் நான் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். அது ஒரு நாள்கூடத் தவறாகச் சொன்னதில்லை. அந்த விலைக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

"தொண்ணூத்திநாலு," என்றேன்.

"நெசமாவா?" அவள் போனை வாங்கித் தானே பார்த்தாள். முகம் மலர்ந்தது. முதுகு நிமிர்ந்தது. "பாத்தியா, மாத்திர வேலை செஞ்சிடுச்சு. இத ரெண்டு வாரம் முன்னாடி செஞ்சிருக்கக் கூடாதா?" பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டாள். "இந்தத் தலை கனம் காத்துப் பட்டா சரியாயிடும். வரட்டுமா, டைரி?"

அவள் கண் பாதி மூடியிருந்ததை நான் பார்த்தேன். "போயிட்டு வாக்கா" என்றேன்.

ஆறு பத்துக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். பேருந்து ஒரு நிறுத்தத்தின் நடைபாதையில் ஏறியது. இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகக் காத்திருந்த காவலாளி அங்கேயே இறந்தார். அக்காவின் இரண்டு கால்களும் நசுங்கின. நினைவு வந்ததிலிருந்து அவள், மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டியது தன் தப்பு என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறாள். ஒரே ஒரு முறை, "ஆனா தொண்ணூத்திநாலு காட்டுச்சே" என்று உங்களிடம் சொன்னாளாம். அதனால்தான் அவள் கையில் இருந்த கடிகாரம் யாருடைய போனோடு சேர்ந்திருக்கிறது என்று நீங்கள் என்னிடம் வந்து கேட்டீர்கள். என்னோடுதான். அவள் பேரில் எந்தத் தப்பும் இல்லை. அந்தக் காவலாளியைக் கொன்றது நான்தான். அக்காவை அன்று வண்டியில் ஏற்றியதும் நான்தான்.

இனி அவளால் பேருந்து ஓட்ட முடியாது என்கிறார்கள். இன்னும் மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். சக்கர நாற்காலிக்கு எங்கள் வாசல் போதும், அளந்துவிட்டேன். மாடியில் இருப்பதால் அவள் தானாகக் கீழே இறங்க முடியாது, ஆனால் எல்லாம் நான் வாங்கி வந்துவிடுவேன். எனவே என்னை எத்தனை நாள் இங்கே வைத்திருப்பீர்கள் என்று முன்கூட்டியே தெரிவித்தால் நல்லது. நான் இல்லாவிட்டால் யாராவது வந்து, மனம் மாறட்டும் என்று அவளை வேறு ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். புது இடத்தில் அவளுக்குத் தூக்கம் வராது.