ஒண்ணே ஒண்ணு கேட்ட பொண்ணு

கைதட்டு கொஞ்சம் இருக்கட்டும்... சின்னதா ஒரு கதை இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன்.

தூத்துக்குடி பக்கம் உப்பளத் தொழிலாளி சுடலைமுத்து. அவர் பொண்ணு முத்துச்செல்வி. இன்ஜினியரிங் கட்-ஆஃப் எவ்வளவு தெரியுமா? இருநூறுக்கு நூத்தி எழுபத்தெட்டு! அந்தத் தெருவுலேயே காலேஜ் வாசல் மிதிக்கப்போற முதல் ஆள்.

கவுன்சிலிங் வந்துச்சு. எந்தெந்தக் காலேஜ் வேணும்னு கம்ப்யூட்டர்ல வரிசையாப் போடணும். அப்பாவும் மகளும் பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து, சென்னையில ஒரு பெரிய காலேஜைப் போட்டாச்சு. பொண்ணு கேக்குறா: "அப்பா, இன்னும் எத்தனை வேணும்னாலும் போடலாமாம்... போடட்டுமா?"

அவர் பதறிட்டார். "வேண்டாம்மா! வெள்ளத்தப்ப ரெண்டாவது போர்வை கேட்ட மாடசாமியை வரிசையை விட்டே தள்ளிட்டாவ, பாத்தேல்லா? ஒண்ணு கேட்டா மருவாதி. நாப்பது கேட்டா, இதுகளுக்குப் பேராசையைப் பாருன்னு உள்ளதையும் தர மாட்டாவ!"

ஒண்ணே ஒண்ணு போட்டாங்க... கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போனாங்க.

அதே வகுப்புல ஹரிணி. நூத்தி அறுபத்தொண்ணுதான். அண்ணன் இன்ஜினியர். பக்கத்துல உட்கார்ந்து எழுபது காலேஜ் போட்டுக் கொடுத்தான். அவளுக்கு இடம் கிடைச்சுது, நல்லா இருக்கட்டும். முத்துச்செல்வி கேட்ட அந்த ஒரு காலேஜ், நூத்தி எண்பத்தஞ்சு கட்-ஆஃபோட நிறைஞ்சு போச்சு.

சுடலைமுத்து எங்கிட்ட ஓடி வந்தார். என்ன கேட்டார் தெரியுமா? "சார்... நாங்க கேட்டதே ஜாஸ்தியோ?"

அந்தப் பொண்ணு இன்னைக்கு ஒரு கம்பெனியில ஐஸுக்குள்ள கைய விட்டு இறால் உரிக்குது.

மார்க் இருந்தா எவரும் மேல வந்துடலாம்னு மேடைக்கு மேடை பேசுறோமே... மார்க் இருந்துச்சே! நீ நாப்பதும் கேக்கலாம் தாயி, யாரும் உன்னை வரிசையை விட்டுத் தள்ள மாட்டாங்கன்னு சொல்ல ஒரு ஆள் இல்லையே! ஹரிணிக்கு அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். முத்துச்செல்விக்கு யாரு இருந்தா?

அவளோட கணக்கு வாத்தியார் இருந்தார். நூத்துக்கு நூறு வாங்கினப்ப மேடையில ஏத்திக் கைதட்டினார். அவ காலேஜ் பட்டியலைப் போட்ட அன்னைக்கு எங்க போனார்? வீட்டுல டிவி பார்த்துக்கிட்டு இருந்தார்.

அந்த வாத்தியார் நான்தாங்க.

அதனாலதான் கைதட்டு இருக்கட்டும்னு சொன்னேன். இந்த வருஷம் உங்க தெருவுல ஒரு பிள்ளை அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரும்... பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டு நீங்களும் உட்காருங்க. அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைச்சப்புறம் தட்டலாம் கைய.