சுவரொட்டியில் விடுபட்ட பெயர்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் முன்னோர் இசைக் காப்புக் கழகத்தின் தலைவர் அர்தவாஸ்து அவர்களே! என் பெயரைத் தெரிந்துகொள்ள இருபத்தெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, தெரிந்த கையோடு பதக்கமும் வார்த்துவிட்ட கழக உறுப்பினர்களே! குளிர் போக்கும் வெந்நீர்க் குழாய் வேலை செய்யாத இந்த அரங்கில் மேலங்கியைக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் கூம்ரி நகரத்துப் பெரியோர்களே! நிலநடுக்கம் வீட்டைத் தின்ற பிறகு சரக்குப் பெட்டியே வீடாகி, அந்த இரும்புப் பெட்டிக்குள் பிள்ளை பெற்று, இரும்புப் பெட்டிக்குள் தாலாட்டுப் பாடிய தாய்மார்களே! செருப்புத் தைக்கும் தெருவிலிருந்து என்னைக் கேலி செய்வதற்கென்றே திரண்டு வந்திருக்கும் நண்பர்களே! கடைசி வரிசையில், கதவை ஒட்டி, கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணே! உங்கள் அனைவருக்கும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

இந்தத் தலை இன்று ஒருமுறைதான் தாழும். இனித் தாழாது.

என்ன மிஸாக் அண்ணே? "ஏய் ஸாவென், ஊதச் சொன்னா பேசுறியே, குழல்ல ஓட்டை அடைச்சுக்கிச்சா?" என்கிறீர்களா? ஆமாம் அண்ணே. இருபத்தெட்டு வருடமாக அடைத்திருந்தது. இன்றைக்குத்தான் திறந்தது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். துதுக் குழலுக்கு இரண்டு பேர். ஒருவர் பாட்டை ஊதுவார், இன்னொருவன் ஒத்து ஊதுவான். பாட்டு ஊதுபவர் மூச்சு வாங்கலாம், கண்ணை மூடலாம், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக் கைதட்டல் வாங்கலாம். ஒத்துக்காரனுக்கு அதெல்லாம் கிடையாது. ஒரே சுரம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்து, இடைவெளி விடாமல் ஊத வேண்டும். பாட்டுக்கு முன்னே அவன் தொடங்க வேண்டும், பாட்டுக்குப் பின்னே அவன் முடிக்க வேண்டும். அவன் நிறுத்தினால் பாட்டு தரையில் விழும். அவன் நிறுத்தாதவரை அவன் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது!

இசைக் கல்லூரியில் ஐந்து ஆண்டு படித்தவன் நான். படித்துவிட்டு, மாஸ்டர் நிகோகோஸுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஒத்து ஊதினேன். பதினொரு ஒலிநாடாக்கள் வந்தன. பத்தில் என் பெயர் இல்லை. பதினொன்றாவதில் இருந்தது, "மற்றும் துணை" என்று! அந்த அட்டையை என் மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல மற்றும் யாரு, துணை யாரு? ரெண்டு பேருக்கும் சோறு வைக்கணுமா?" என்று கேட்டாள். சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன். சிரித்துவிட்டு அந்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன். நான் எதையும் மறப்பவன் அல்ல.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் இந்த ஊருக்கு வந்தாள். பெயர் நாஸெனி. நம்மவர் வம்சம்தான், பிறந்தது மட்டும் கடல் தாண்டிப் பியூனஸ் அயர்ஸில். நம் மொழியை அந்த ஊர் இழுவையோடு பேசினாள். மரத்தைக் குடைந்து தோல் போர்த்திய அந்தத் தென் அமெரிக்க மேளத்தைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தாள். ரயில்வே மன்றத்தில் நான் தனியாக ஊதிப் பழகிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் போன பிறகு ஒத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாசலில் நின்று கேட்டவள், நான் குழலை இறக்கியதும் பதறினாள்.

"ஐயோ, நிறுத்தாதீங்க! அந்த ஒரு சுரத்துமேல நான் கொஞ்சம் நடந்து பாக்குறேன்."

நடந்தாள். நம் அறுவடைப் பாட்டை அந்த ஊர் மேளத்தில் நடத்தினாள். நம் தாலாட்டைக் கடல் தாண்டிய தாளத்தில் நடத்தினாள். அப்படித்தான் நாங்கள் இருவர் ஆனோம். முதல் கச்சேரிக்கு முந்தைய நாள் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினாள். "உங்க பேரை நீங்களே எழுதிக் குடுங்க. ஒரு எழுத்துகூடத் தப்பாகக் கூடாது" என்றாள். அவையோரே, இருபத்திரண்டு ஆண்டுகளில் என்னிடம் யாராவது அப்படிக் கேட்டதுண்டா? அன்று என் பெயரை எழுத்தெழுத்தாக நிறுத்தி எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு முப்பது ஊர் மேடைகள். முப்பது சுவரொட்டிகள். எல்லாவற்றிலும் இரண்டு பெயர்கள், ஒரே அளவு எழுத்தில்.

இப்போது கழகத்துக்கு வருகிறேன். நெளியாதீர்கள் அர்தவாஸ்து அவர்களே, நாற்காலி பழையது.

மார்ச் மாதத்தில் கழகம் ஒலிப்பதிவுகளைக் கேட்டது. எது தூய இசை, எது கலப்பட இசை என்று பிரிக்கும் திருப்பணி! பெயரை மறைத்துக் கேட்டார்கள். நாங்கள் இரண்டு அனுப்பியிருந்தோம். ஒன்றில் மேளம் இல்லை, குழல் மட்டும். பாட்டையும் நானே ஊதி, ஒத்தையும் நானே ஊதிச் சேர்த்தது. இன்னொன்றில் நாஸெனியின் மேளமும் குரலும். அந்த அறையின் கதவு சரியாகச் சாத்தாது. நான் நடைபாதையில் நின்றிருந்தேன். முதல் பதிவு முடிந்ததும் தலைவரின் குரல் தழுதழுத்தது.

"இதான்யா நம்ம மண்ணு! ஆயிரம் வருஷத்து அழுகை இதுக்குள்ள இருக்கு. எங்கப்பா ஆடு மேய்க்கிற மலை என் கண்ணு முன்னாடி வந்து நிக்குது!"

இரண்டாவது முடிந்தது. "சீ, நிறுத்துங்கய்யா! இது என்ன காட்டுச் சத்தம்? வெளிநாட்டுக் குப்பை. காதுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு."

அவையோரே, கேளுங்கள். தலைவரை அழவைத்த அந்த முதல் மெட்டு எங்கிருந்து வந்தது? பியூனஸ் அயர்ஸில் நாஸெனி வீட்டுக்குக் கீழே ஒரு கசாப்புக் கடை. கடைக்காரர் தொடைக்கறி வெட்டும்போது சீழ்க்கையடித்த மெட்டு அது! தலைவர் கண்ட மலை கசாப்புக் கடைக்காரரின் மலை! அவர் கண்ட ஆடு ஆணியில் தொங்கிய ஆடு!

அந்தக் காட்டுச் சத்தம் எங்கிருந்து வந்தது? நம் செருப்புத் தெருக் கல்யாண ஆட்டத்தின் தாளம் அது. மிஸாக் அண்ணே, நீங்கள்தானே தோல் அடிக்கும் சுத்தியலால் பலகையில் தட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? அர்தவாஸ்து அவர்களே, உங்கள் கல்யாணத்தில் அந்தத் தாளத்துக்குத்தான் நீங்கள் மேசைமேல் ஏறி ஆடினீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே ஒத்து ஊதிக்கொண்டிருந்தேன்! மாஸ்டருக்குப் பெரிய மேசையில் விருந்து போட்டீர்கள். என்னை அடுப்படியில் உட்காரவைத்து ஆறிப்போன சூப் கொடுத்தீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

கைதட்டாதீர்கள். இனிமேல் சொல்லப்போவது கைதட்டத் தக்கதல்ல.

மூன்று வாரம் முன்பு தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஸாவென் தம்பி, அந்த முதல் பாட்டுக்காக உனக்குப் பதக்கம். ஆனா உன் பேரு மட்டுந்தான். அந்தப் பொண்ணு பேரும் மேளமும் மேடைக்கு வரக்கூடாது. சரியா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி" என்றேன். ஆம், இந்த வாயால்தான் சொன்னேன்! அது அவள் கொண்டுவந்த மெட்டு என்று தெரிந்தும் சொன்னேன். மற்றும் துணை என்று அச்சடிக்கப்பட்டவன், தன் பெயரைத் தனியாகப் பெரிய எழுத்தில் பார்க்கும் ஆசையில் இன்னொருத்தியின் பெயரை விற்றேன். மாஸ்டர் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன்.

ரொட்டிக் கடைச் சுவரில் அவள் இந்த விழாவின் சுவரொட்டியைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. கையில் சூடான லவாஷ் ரொட்டியோடு மன்றத்துக்கு வந்தாள்.

"உங்க பேரை நல்லாப் பெருசாப் போட்டிருக்காங்க ஸாவென். ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. நான் சரிபாத்தேன்" என்றாள். ரொட்டியைப் பாதியாகக் கிழித்து எனக்கு வைத்தாள். "வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்புறேன்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த ரொட்டியை நான் தின்னவில்லை நண்பர்களே. மன்றத்து மேசைமேல் இன்னும் அப்படியே கிடக்கிறது.

எனவே இதோ, உங்கள் பதக்கம்! மேசைமேல் வைக்கிறேன். கசாப்புக் கடைக்காரரின் முகவரி தருகிறேன், அவருக்கு அனுப்புங்கள். தூய்மை, தூய்மை என்கிறீர்களே, எது தூய்மை? அடுத்தவர் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தூய்மையா? ஒத்து ஊதுபவன் என்றால் எதற்கும் தலையாட்டுபவன் என்று எண்ணிவிட்டீர்கள். ஒருமுறை ஆட்டினேன். இனி ஆட்ட மாட்டேன்! அவள் பெயர் இல்லாத மேடையில் ஏற மாட்டேன்! அவள் மேளம் நுழையாத அரங்கில் ஊத மாட்டேன்!

என்ன, ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்கிறீர்களா? அணையுங்கள் ஐயா. வாழ்நாள் முழுவதும் ஒலிபெருக்கி வைக்கப்படாத பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். பின்வரிசைக்குக் கேட்கிறதா? "கேக்குது, சொல்லு!" என்கிறார் மிஸாக் அண்ணன். போதும்.

நாஸெனி! ஊரறியச் செய்த தப்புக்குத் தனியறையில் மன்னிப்புக் கேட்பது கோழைத்தனம். அதனால் எழுநூறு பேர் முன்னால் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு. வியாழக்கிழமை போவதும் போகாததும் உன் முடிவு. உன் மேளத்தை வாசலில் மேலங்கி வைக்கும் உடுப்பறையில் வாங்கி வைத்துவிட்டார்கள் என்று அறிவேன். அதன் சீட்டு உன் கையுறைக்குள் இருக்கிறது என்றும் அறிவேன்.

கதவு திறந்த சத்தம் கேட்கிறது. யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். எழுந்து போய்விட்டாள். உடுப்பறைக்கும் தெருவுக்கும் அது ஒன்றுதான் வழி. எந்தப் பக்கம் திரும்பினாள் என்று எனக்கும் தெரியாது.

தெரிய வேண்டியதில்லை. ஒத்து எப்போதும் பாட்டுக்கு முன்னேதான் தொடங்கும். இதோ தொடங்கப் போகிறேன். ஒரே சுரம். அவள் வரும்வரை ஊதுவேன். விளக்கை அணைத்தாலும் ஊதுவேன். எனக்கு நிறுத்தாமல் ஊதத் தெரியும். எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

குழலை வாயில் வைத்துவிட்டால் நன்றி சொல்ல முடியாது. ஆகவே பொறுமையோடு கேட்ட உங்களுக்கு, குளிரில் அமர்ந்த தாய்மார்களுக்கு, சுத்தியல் பிடித்த அண்ணனுக்கு, எங்கோ சீழ்க்கையடிக்கும் அந்தக் கசாப்புக் கடைக்காரருக்கு, என் பெயரை முதலில் கேட்டவளுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நன்றி. வணக்கம். அந்தக் கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள்.