பிரிக்பீல்ட்ஸில் நின்ற வேன்

எனக்கு இதுவரை ஒரு போக்குவரத்து சம்மன்கூட வந்ததில்லை, இன்ஸ்பெக்டர். வேனை ஒழுங்காக ஓட்டுகிறவன் நான்.

எங்கள் கம்பெனி ஸ்டோர் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறது. கடுமையான மாரடைப்பில் இதயம் தளர்ந்துபோனால், தொடை இரத்தக்குழாய் வழியாக ஒரு சின்ன பம்பை உள்ளே செலுத்துவார்கள். இதயம் தேறும்வரை இரத்தத்தை அது தள்ளிக்கொடுக்கும். ஆஸ்பத்திரி கேட்டால் பம்பைக் கொண்டுபோவது என் வேலை. மருத்துவ உதவியாளர் படிப்பை, இரவு வார்டு பிடிக்காமல் பாதியில் விட்டவன் நான். தாமதமானால் என்ன ஆகும் என்று தெரியும்.

அன்று மத்தியானம் கிள்ளான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. நோயாளி சுகுமாறன், என் அக்கா லோகேஸ்வரியின் கணவர். அடைப்பை எடுத்துவிட்டார்கள், இதயம்தான் தேறவில்லை. அங்கிருந்த ஒரே பம்பு வேறொருவர் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா போன் செய்தாள்.

"தம்பி, நீதான் கொண்டு வரியாமே. டாக்டர் வாசலையே பார்த்துக்கிட்டு இருக்காரு. சீக்கிரம் வாடா."

"வந்துகிட்டே இருக்கேன்கா. பயப்படாதே லா."

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். அது கிள்ளானுக்குப் போகிற வழி இல்லை. பம்பு இருந்த பெட்டி வேனுக்குள் பத்திரமாக இருந்தது.

பண்டமாரானில் அக்கா வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன். படிப்பை விட்டு வந்தபோது அறை கொடுத்தவர் மாமாதான். இந்த வேலையும் அவர் சொல்லிக் கிடைத்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால், "என்ன டாக்டர் சார், இன்னிக்கு எத்தனை ஆபரேஷன்?" என்பார். அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குள் அவள் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுபடி அழைத்தாள். "எங்கடா இருக்கே?"

"ரோட்டுல ஜேம்கா."

இந்த ஊரில் அந்தச் சொல்லை யாரும் சந்தேகப்படுவதில்லை. கடைக்காரர் அந்த நேரம் பார்த்து, "பாஸ், இன்னொரு தே தாரிக்கா?" என்றார். அக்கா போனை வைத்துவிட்டாள். நான் கடைக்காரரிடம் தலையாட்டினேன். இரண்டாவது கிளாஸும் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சீல் பிரிக்காத பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, ஸ்டோரில் அதே தட்டில் வைத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவரைச் சாகவிட்டது நான்தான். அக்காவுக்காகச் செய்தேன்.

அவள்தான் உங்களிடம் புகார் கொடுத்தாள் என்கிறீர்கள். துக்கத்தில் இருப்பவள், ஏதாவது சொல்லத்தான் செய்வாள். வீட்டுப் பூட்டையும் மாற்றிவிட்டாளாம். தனியாக இருக்கிறாள் அல்லவா, திருடர் பயமாக இருக்கும்.